வெள்ளிக்கு வெள்ளி மாற்றிய தண்ணீர்

சுத்தம் பார்ப்பதில் நான் கொஞ்சம் கூடிப்போன ஆள் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். வெள்ளிக்கிழமை வீடு கழுவி, தலை தோய்ந்து, விளக்கேற்றிய பிறகுதான் எனக்குத் தேத்தண்ணீர் தொண்டையில் இறங்கும். கரவெட்டியில் எங்கள் பெண்கள் சங்கம் யோகட் செய்யத் தொடங்கியபோது, பால் காய்ச்சும் அறையை என் பொறுப்பில் விட்டதும் இதனால்தான்.

அந்த அறையில் பெரிய சாமான் என்றால் கொப்பரைதான். அதற்கு இரண்டு சுவர். உள்ளே பால் நிற்கும் சில்வர்ச் சுவர், வெளியே இரும்புச் சுவர், நடுவில் சுடுதண்ணீர். ஒரு கீற்றர் தண்ணீரைச் சூடாக்க, சின்ன மோட்டர் ஒன்று அதைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும். நெருப்பு நேரே படாததால் பால் அடிப்பிடிக்காது. மருதனார்மடத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் செய்து தந்தது. பூட்டிவிட்டுப் போகும்போது, "உந்தத் தண்ணியிலை கை வையாதேங்கோ அக்கா. குறைஞ்சால் மட்டும் விடுங்கோ" என்றார். நான் நன்றாகத் தலையாட்டினேன்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அறை முழுவதும் கழுவி முடித்த கையோடு கொப்பரையின் அடிக் குழாயைத் திறந்து பார்த்தேன். கறுப்பாக, ஒரு மாதிரி மணத்தோடு தண்ணீர் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சனம் தின்கிற சாமான் காய்ச்சும் பாத்திரத்துக்குள் இப்படியொரு தண்ணீரா? பாலில் ஒரு துளியும் படாது என்று தெரியும். தெரிந்தும் மனம் கேட்கவில்லை. முழுவதையும் வாழைக்குத் திறந்துவிட்டு, கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர் நிரப்பினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அதே வேலைதான். காய்ச்சல் வந்த வெள்ளியும் போனேன். இதை யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. சுத்தம் செய்வதைப் போய்ச் சொல்லிக்கொள்வார்களா?

மூன்றாம் வருடம் கொப்பரை முணுமுணுக்கத் தொடங்கியது. ஒரு மணித்தியாலத்தில் காய்ந்த பால் இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பிறகு ஒரு காலை, அடி வெல்டிங் ஒட்டில் செம்மஞ்சளாக ஈரம் கசிந்து நின்றது. நல்லூர்க் கோயில் கொடியேற இன்னும் மூன்று கிழமை. திருவிழாவுக்கு யோகட் தருவதாகக் கடைகளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். இருந்ததோ ஒரே ஒரு கொப்பரை.

எங்கள் தலைவி ஓய்வுபெற்ற ரீச்சர். கோபம் வந்தால் சோக்கட்டி எறிந்த கை இன்னும் உயரும். கசிவைப் பார்த்தவுடன் பட்டறைக்காரருக்குப் போன் எடுத்தார். "பழைய தகரத்துக்குப் பெயின்ற் அடிச்சுத் தந்திட்டீரோ? எல்லாச் சங்கத்துக்கும் சொல்லப்போறன், ஒருத்தரும் உம்மட்டை வேலை குடுக்க வேண்டாமெண்டு." போன் வெளியில் கேட்கும்படி வைத்திருந்தார். அந்தப் பக்கமிருந்து "வாறன் ரீச்சர்" என்ற சொல் மட்டும் வந்தது.

அன்று மத்தியானமே வந்தார். அடிக் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் பிடித்து, யன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். என் கைபட்ட தண்ணீர்தான்: தெளிவு, அடியில் மட்டும் கொஞ்சம் செந்தூள்.

"இதை ஆர் மாத்தினது?"

தலைவி, "ஒருத்தரும் தொடேல்லை. கதையை மாத்தாதையும்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திராது. கொப்பரை போனால் பட்டறைக்காரர் பெயரோடு போகும், என் பெயர் அறையோடு மினுங்கிக்கொண்டிருக்கும். உண்மையைச் சொன்னால் என்னிடமிருந்து அறைப் பூட்டின் திறப்பை வாங்கிவிடுவார்கள். அந்த அறை இல்லாமல் எனக்கு ஒரு நாளும் விடியாது. ஆனால் அந்த மனிதர் கிளாசை வைத்துவிட்டு, தான் பிடித்த ஒட்டையே விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அதைப் பார்த்த பிறகு எப்படி நிற்பது?

"நான்தான் தம்பி. வெள்ளிக்கு வெள்ளி. மூண்டு வருசமா."

தலைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

பட்டறைக்காரர் சத்தம் போடவில்லை. கதிரையை இழுத்து இருந்துகொண்டு சொன்னார்: "புதுத் தண்ணிக்குள்ளை காத்து இருக்கு அக்கா. அந்தக் காத்துத்தான் இரும்பைத் தின்னுறது. கொஞ்சம் திண்டு முடிய அதுக்குப் பசி அடங்கியிடும், தண்ணியும் கறுத்திடும். பிறகு எத்தினை வருசம் நிண்டாலும் பெரிசா ஒண்டும் செய்யாது. நீங்கள் கிழமைக்குக் கிழமை பசியோடை புதுசைக் கொண்டந்து விட்டிருக்கிறியள். எங்கடை கிணத்துச் சுண்ணாம்பு வேறை."

கீற்றரைக் கழற்றிக் காட்டினார். கம்பியே தெரியாத அளவுக்கு வெள்ளைக் கல். மூன்று வருடம் நான் கழுவிக் கழுவியே அந்த இரும்பை ஓட்டையாக்கியிருக்கிறேன்! வெட்கத்தில் அழுகையும் வந்தது, என்னை நினைக்கச் சிரிப்பும் வந்தது.

ஆறு நாள் வேலை. அரித்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு ஒட்டினார். கல்லை அசிட்டில் கரைத்துக் கழுவினார். மழைத் தண்ணீர் சேர்த்துவைத்த தொட்டியிலிருந்து எடுத்து, காற்றுப் போகக் கொதிக்கவைத்து, துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மருந்தும் கலந்து நிரப்பினார். கொடியேற இரண்டு கிழமை இருக்கும்போது பால் மறுபடி ஒரு மணித்தியாலத்தில் காய்ந்தது. தலைவி அவரிடம், "நான் கதைச்சது பிழை" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். அது ரீச்சருக்கு லேசான காரியமில்லை.

போகும்போது பட்டறைக்காரர், தண்ணீரிலுள்ள மருந்தின் அளவுக்கு நிறம் மாறும் தாள் கட்டு ஒன்றைத் தந்தார். கிழமைக்கு ஒருக்கால் கரண்டியளவு தண்ணீர் எடுத்து, தாளைத் தோய்த்து, நிறத்தைக் கொப்பியில் எழுத வேண்டும். வேறொன்றும் செய்யக் கூடாது.

"அப்ப இதைப் பொறுப்பெடுக்க வேறை ஆளைப் போடுவம்" என்றார் தலைவி. நான் இடுப்பிலிருந்த திறப்பைக் கழற்றத் தொடங்கிவிட்டேன்.

"ஏன் ரீச்சர் வேறை ஆள்?" என்றார் அவர். "மூண்டு வருசத்திலை ஒரு வெள்ளியையும் விடாத ஆளை நான் எங்கை போய்த் தேடுறது? உந்த அக்காவே பாக்கட்டும்."

தலைவி என்னையும் திறப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓம், அதுவும் சரிதான். வையும் அதை இடுப்பிலை" என்றார்.

தேத்தண்ணீர் போடுகிறேன் என்று சைகை காட்டிவிட்டுப் பின்பக்கம் போய், நின்றபடியே நன்றாக அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மூன்று பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினேன்.