கிளட்சில் விட்ட விளக்கெண்ணெய்

திண்டிவனம் மேம்பாலத்தில் ஏறமாட்டாமல் பேருந்து உறுமியது. எல்லோரும் ஓட்டுநரைத் திட்டினார்கள். கிளட்ச் கருகும் நாற்றத்தில் நான் சிறுவனாக, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் எங்கள் ஊரான பிரம்மதேசத்தில் இருந்தேன்.

உழவு மாடுகளை விற்றுவிட்டுப் பண்ணையாரின் டிராக்டருக்கு டிரைவரானவர் அப்பா. அன்று கிளட்சைப் பழுதுபார்த்து மாட்டிவிட்டு, மூடியைத் திறந்தே வைத்து, கை கழுவப் போனார். கூழ் கொண்டுவந்த அம்மா உள்ளே எட்டிப்பார்த்தாள். இப்படிக் காய்ந்து கிடக்கிறதே என்று, பக்கத்தில் இருந்த, மாட்டு வண்டி அச்சுக்கு விடுகிற விளக்கெண்ணெயைத் தாராளமாக ஊற்றினாள்.

அப்பா வந்து மூடியை மூடி வண்டியைக் கிளப்பினார். எஞ்சின் அலறியது. கிளட்ச் வழுக்கிப் புகைந்தது, சக்கரம் அசையவில்லை.

பண்ணையார் குனிந்து பார்த்தார். “எண்ணெ பட்டா கிளட்ச் புடிக்குமாடா? யார்றா ஊத்துனது?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். “நான்தாங்க.”

“நாளையிலேர்ந்து வராத.”

மாடும் இல்லை, வேலையும் இல்லை. அப்பா கடைசிவரை அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா சாகும்வரை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளவில்லை.