தையல் சேச்சியின் அளவு நோட்டு

மட்டாஞ்சேரியில் சுக்கு கோடவுன்களுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் கற்பகம் எந்த வீடு என்று கேட்டால் எல்லோரும் கையை விரிப்பார்கள். தையல் சேச்சி என்று கேட்டால் வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். சங்கரன்கோவிலில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. கணவர் ராசப்பன் கலூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். மகள் மகா பி.காம் முடித்துவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள். வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் இரண்டு பேர் நெருங்கி நிற்கிற அளவுக்கு இடம்.

ஜாக்கெட்டை யார் வேண்டுமானாலும் தைத்துவிடலாம். அந்தத் திரைக்குப் பின்னால் பார்த்ததை வெளியே வந்து சொல்லாமல் இருக்க எத்தனை பேரால் முடியும்? கல்யாணமான மூன்றாம் மாதம் ஒருத்திக்கு இடுப்பு ஒரு இஞ்ச் ஏறியிருந்தால் மாமியாருக்குத் தெரிவதற்கு முன்னால் கற்பகத்துக்குத் தெரியும். தோள்பட்டையில் கன்றிப்போன தடம் இருந்தால் டேப்பை அங்கே அழுத்தாமல் பிடிப்பாள், எப்படி ஆச்சு என்று கேட்க மாட்டாள். அளவு எடுக்கும்போது ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பாள். எண்ணை வாய்விட்டுச் சொன்னதே கிடையாது.

அளவெல்லாம் ஒரு நீள நோட்டில், தமிழில். அந்தச் சந்தில் அதைவிடப் பத்திரமான பூட்டு இல்லை. மலையாளிகள், கொங்கணிக்காரர்கள், குஜராத்திக்காரர்கள் என்று எல்லோரும் வந்து போகிற வீடு. யார் புரட்டினாலும் ஜிலேபி பிழிந்ததுபோலத்தான் தெரியும். பெற்ற மகளுக்கே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

அந்த நோட்டில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி. சுபாஷிணி டீச்சர். பாலக்காட்டிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பம். சுள்ளிக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியான நேரம் வந்து, திரைக்குப் பின்னால் போய், புடவைத் தலைப்பை எடுத்துவிட்டு நின்றாள். இடது மார்பு இருந்த இடத்தில் தழும்பு. அம்மாவுக்கும் டாக்டருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்றாள். கோயம்புத்தூரில் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லித்தான் பள்ளியில் ஆறு மாதம் லீவு எடுத்திருந்தாளாம்.

கடையில் விற்கிற மார்புப் பேட் உறுத்துகிறது என்றதால் கற்பகம் தானே செய்து பார்த்தாள். வெறும் பஞ்சு வைத்தால் எடை இல்லாமல் மேலே ஏறிவிட்டது. நான்கு தடவை பிரித்துத் தைத்து, கடைசியில் பஞ்சுக்கு நடுவில் ஒரு கைப்பிடி கடுகு வைத்தபோது சரியாக உட்கார்ந்தது. டீச்சர் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அன்றைக்குக் கற்பகத்துக்கு இருந்த கர்வம் தலைகால் புரியாத கர்வம். அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை என்பதுதான் ஒரே குறை.

இந்த வருடம் ஓணத்துக்கு முன்னால்தான் வினை வந்தது. போன வருடம் நெருக்கடியில் இரண்டு பேர் ஜாக்கெட் மாறிப்போய் ஒரே ரகளை. இந்தத் தடவை எல்லாவற்றையும் போனில் ஏற்றிவிடலாம் என்று மகா ஆரம்பித்தாள். தையல்காரர்களுக்கென்றே ஒரு ஆப் இருக்கிறதாம், அளவைப் போட்டுவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளுமாம். நோட்டு தமிழில் இருந்ததால் அம்மா படித்துச் சொல்ல வேண்டும், மகள் மலையாளத்தில் தட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. கற்பகம் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் துணியைப் பிடித்து மறுகையால் வெட்டிக்கொண்டே படித்தாள். இத்தனை வருடம் வாய்விட்டுச் சொல்லாத எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

சுபாஷிணி டீச்சரின் பள்ளிக்கூடத்து ஆர்டரும் அதில் இருந்தது. ஓணத்துக்கு டீச்சர்மார் பன்னிரண்டு பேருக்கும் ஒரே நிற ஜாக்கெட். துணியை மொத்தமாகக் கொண்டுவந்து கொடுத்தவர் ஸ்டாஃப் செக்ரட்டரி ஸ்ரீநாத் சார். பன்னிரண்டு பெயருக்கும் மகா ஆப்பில் போட்டது அவர் நம்பர்தான்.

"இந்தப் புள்ளி எந்தாம்மா?" என்று மகா பாதி மலையாளத்தில் கேட்டாள்.

"அதுக்கு இடப் பக்கம் பஞ்சு வைக்கணும், நடுவுல கடுகு" என்றாள் கற்பகம், கத்தரிக்கோலை நிறுத்தாமல். மகா அதையும் தட்டினாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எதிர்ச் சாயாக்கடை சேவியர் சேட்டன் சிரித்துக்கொண்டே வந்து நின்றார். தன் மனைவியின் ஜாக்கெட் அளவு முழுக்கத் தன் போனுக்கு வந்திருக்கிறதென்றும், கல்லாவில் இருந்த போனைக் கடையில் நின்றவன் எடுத்துச் சத்தமாகப் படித்துவிட்டான் என்றும் சொன்னார். அவருக்கு அது தமாஷ். கற்பகம் மெஷினை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

வேறு யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்று மகாவைப் பிடித்து உலுக்கினாள். ஆர்டரை உறுதி செய்யும் பொத்தானைக் காலையில்தான் அமுக்கினாளாம். அமுக்கியதும் அந்தந்த நம்பருக்குச் சரிபார்க்கச் சொல்லி அதுவே எல்லா விவரத்தையும் அனுப்பிவிட்டது. பன்னிரண்டு பேர் விவரமும் ஸ்ரீநாத் சாருக்கு. சிவப்புப் புள்ளியின் அர்த்தமும் சேர்த்து.

"அதை அழி. இப்பமே அழி."

மகா அழித்தாள். அழித்த விவரங்கள் தொண்ணூறு நாள் எங்களிடம் இருக்கும் என்று ஆப் பவ்யமாகப் பதில் சொன்னது. போன மெசேஜ் போனதுதான். உன்னுடைய நோட்டை நீ அழித்தால் எங்களுக்கென்ன என்று கேட்கிற ஜந்துவிடம் யார் போய்ச் சண்டை போடுவது? ஸ்ரீநாத் சாரைக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. டீச்சருடைய நம்பர் கற்பகத்திடம் இல்லை. எப்போதும் நேரிலேயே வருகிறவள், நம்பர் கொடுத்ததே இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோ பிடித்தாள். பஜார் ரோட்டில் ஒரு லாரி மிளகு மூட்டையை இறக்கிக்கொண்டு குறுக்கே நின்றது. கற்பகம் இறங்கி நடந்தாள், கொஞ்ச தூரம் ஓடினாள், பின்னாலேயே வந்த அதே ஆட்டோவில் மறுபடி ஏறினாள். சார் வகுப்பில் இருப்பார், போனைப் பார்த்திருக்க மாட்டார் என்று ஒரு நிமிடம். ஆம்பிளைக்குக் கடுகு பஞ்சு எல்லாம் என்ன புரியப்போகிறது என்று அடுத்த நிமிடம். வாய் திறக்காமல் இருந்த இருபத்து மூன்று வருடத்தை ஒரு குண்டூசி கடித்த வாயால் கெடுத்துக்கொண்டோமே என்று தன்னையே ஏசிக்கொண்டாள். மகாவையும் ஏசினாள். அதில் நியாயமில்லை என்று தெரிந்தும் ஏசினாள்.

ஸ்ரீநாத் சார் வராந்தாவிலேயே எதிர்ப்பட்டார். நல்ல மனுஷர். மெசேஜ் கிடைத்தது, நீளமாக இருந்ததால் நான் படிக்கவில்லை, அவரவர் அளவைச் சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று காலையிலேயே ஸ்டாஃப் குரூப்பில் போட்டுவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். கற்பகத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்துப் படித்தார். அவர் முகமும் செத்துப்போயிற்று. அவசரமாக அழித்தார். அதற்குள் எல்லோரும் பார்த்து முடித்திருந்தார்கள்.

சுபாஷிணி டீச்சர் ஸ்டாஃப் ரூமிலிருந்து வெளியே வந்தாள். கையில் கணக்கு நோட்டுகள். கற்பகம் அவள் கையைப் பிடிக்கப் போய், பிடிக்கத் துணிவில்லாமல் நிறுத்தினாள். தப்பு முழுக்க என்னுடையது என்று ஆரம்பித்து, மகா, ஆப், புள்ளி என்று கோர்வையில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். திட்டு, அடி, என்ன வேண்டுமானாலும் செய் என்பதுபோல நின்றாள். டீச்சர் திட்டவில்லை. வராந்தாவில் யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள். பிறகு, இனி பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியிருக்க வேண்டும், குரலைத் தணிக்காமலே பேசினாள்.

"இந்த ஸ்டாஃப் ரூம்ல நாற்காலி எப்பவும் கொறைச்சல், சேச்சி. லேட்டா வந்தா நிக்கணும். மூணு வருஷமா நானும் சண்டை போட்டுத்தான் உக்காருவேன். யாரும் விட்டுக்கொடுக்க மாட்டா. இன்னிக்கு நான் உள்ளே நொழைஞ்ச ஒடனே ஏழு பேர் எழுந்துண்டா."

கணக்கு நோட்டுகளை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நானும் போய் உக்காந்துட்டேன்" என்றாள் டீச்சர்.