ஏணிப் படம் போட்ட பெயர்

துபாயில், அல் கூஸில் பழைய கோடவுன் ஒன்றுக்கு வெள்ளையடித்து, ஏசி வைத்து, கலைக்கூடம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே ஆணி அடிப்பது என் வேலை. ஆணியில் தொங்குவதைப் பற்றிப் பேசுவது மேனேஜர் வேலை.

போன வருஷம் மெக்சிகோவின் பழைய ஏடுகளுடைய பெரிய நகல்கள் வந்தன. ஸ்பெயின்காரன் ஆண்ட காலத்தில் நாவாட்ல் மொழிக்காரர்கள் வரைந்த ஆள் பட்டியல். வரிசையாகத் தலைகள். தலையிலிருந்து ஒரு கோடு, அதன் முனையில் பாம்போ கழுகோ பூவோ. அந்தப் படம்தான் அந்த ஆளின் பெயராம்.

"ஒவ்வொரு பெயரும் ஒரு மரியாதை" என்று விருந்தாளிகளிடம் மேனேஜர் இங்கிலீஷில் உருகினார். உருகிய வாயாலேயே என்னைக் கூப்பிட்டார், என் அப்பா பெயரைச் சொல்லி. நம் இனிஷியலை விரித்துப் பாஸ்போர்ட்டில் போட்ட புண்ணியம். அப்பா செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அல் கூஸில் தினமும் அவரைத்தான் ஏணி ஏறச் சொல்கிறார்கள். நாலு வருஷம் திருத்திப் பார்த்தேன். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? படித்த ஜடம் என்று மனசுக்குள் காறித் துப்பிவிட்டு ஏறுவேன்.

கண்காட்சி முடிந்து படங்களை இறக்கிய அன்று, எனக்கு மூன்று வருஷமாக ஏணி பிடித்த நேபாளி தானே மேலே ஏறினான். ஏணி வழுக்கியது. தலை தரையில் அடித்தது. பிக்கப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவன் பெயர் போட்ட அடையாள கார்டு கலைக்கூடத்து லாக்கரிலேயே கிடந்தது.

நர்ஸ் நாகர்கோவில் பக்கத்துப் பெண்.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்கண்ணே, முழிக்காரான்னு பாக்கணும்."

"பாய்! பாய்!" என்று, மூன்று வருஷமாகக் கூப்பிடுவதுபோலவே கத்தினேன். அவன் அசையவில்லை.

"பாய்ன்னா யாரண்ணே? இவரு பேரு என்ன?"

போனைத் திறந்தேன். அவன் நம்பருக்கு எதிரே நான் போட்டிருந்தது ஓர் ஏணிப் படம். வேறொன்றும் இல்லை. நர்ஸ் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வெட்கத்தில் செத்தேன்.

வேறு வழியில்லாமல் மேனேஜருக்குப் போன் போட்டேன். வழக்கம்போல என் அப்பா பெயரைச் சொல்லித்தான் பேச ஆரம்பித்தார். நேபாளியின் பெயரைக் கேட்டேன். அவர் ஃபைல் எதையும் புரட்டவில்லை. கேட்ட மாத்திரத்தில் முழுப் பெயரையும் சொன்னார்.

நர்ஸ் அவன் காதோரம் குனிந்து அந்தப் பெயரைச் சொன்னாள். கண்ணைத் திறந்தான்.