மேல் கதவு சைவம், கீழ்க் கதவு மச்சம்

பழைய பிரிட்ஜ் சாவதற்கு இரண்டு நாள் முன்பே முக்கத் தொடங்கியிருந்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் உள்ளே வெளியை விடச் சூடு. பால் திரிந்துவிட்டது. பால் போனால் போகட்டும். கதவுத் தட்டில் மாமியின் இன்சுலின் போத்தல் இரண்டு இருந்தன. அவற்றைத்தான் முதலில் கையில் எடுத்தேன்.

மாமி என்றால் என் கணவரின் அம்மா. நீண்ட காலச் சீனி வருத்தக்காரி. அதற்கு முந்தின வருடம்தான் அவருடைய வலக்காலில் ஒரு விரலை எடுத்தார்கள். அன்றைக்கு டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிச் சீனி ஏறவிட்டால் அடுத்தமுறை விரலோடு நிற்காது என்று சொல்லியனுப்பினார். என் கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதத்தில் இரண்டு தரம் வந்து போவார். சாவகச்சேரியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் அந்த வீட்டில் நானும் மாமியும்தான். ஆக, மாமியின் கால் என் பொறுப்பு. நித்திரையில்கூட அந்தக் காலை நினைத்துப் புரண்டுகொண்டிருந்தேன்.

அன்றே இன்சுலினைப் பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில் கொண்டுபோய் வைத்துவிட்டு, புதியது பார்க்கக் கிளம்பினேன். நான் கணக்கு ரீச்சர். அச்சுவேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். எதையும் அளக்காமல் நம்பமாட்டேன். மூன்று நாள் பள்ளி விட்டு வரும் வழியில் ஒவ்வொரு கடையாக ஏறினேன். கையில் அளவு நாடா, ஒரு கொப்பி, கூடவே வீட்டுப் பால் சட்டியும் இடியப்பத் தட்டும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா, “எங்கை பிள்ளை, பொங்கலுக்கோ?” என்று கேட்டார். பிரிட்ஜ் வாங்கப் போகிறேன் என்றதும் அவர் பேச்சை விட்டுவிட்டார்.

எங்கள் வசதிக்கு ஆகக் குறைந்த விலையில் உள்ளவற்றைத்தான் பார்த்தேன். ஆனால் இரண்டு கதவு வேண்டும். மேலே ஐஸ் பிடிக்கிற பெட்டி, கீழே சாதாரணக் குளிர். அதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருந்தது. நான் வடமராட்சிக் கரையில் பிறந்தவள். மீன் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மாமியோ, மாமா செத்த நாளிலிருந்து சுத்த சைவம். பழைய ஒற்றைக் கதவுப் பிரிட்ஜுக்குள் மீன், மச்சம் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. சனிக்கிழமைகளில் என் அண்ணை கொண்டுவந்து தரும் மீனை வெளிக்குசினியில் வைத்து அன்றைக்கே சமைத்து அன்றைக்கே தின்று தீர்ப்பேன். மிச்சம் பூனைக்கு. இரண்டு கதவென்றால் எனக்கொன்று மாமிக்கொன்று என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன்.

ஒவ்வொரு கடையிலும் கதவைத் திறந்து சட்டியை உள்ளே வைத்துப் பார்த்தேன். ஒன்றில் தட்டுக்கு நடுவே சட்டி நுழையவில்லை. இன்னொன்றில் நுழைந்தது, ஆனால் கதவு சாத்தவில்லை. கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக் கதவு றப்பருக்கு நடுவில் வைத்துச் சாத்தி, இழுத்துப் பார்த்தேன். சும்மா வழுகி வந்தால் குளிர் வெளியே போகிறது என்று அர்த்தம். சாவகச்சேரிக் கடையில் நின்ற விற்பனைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

“ரீச்சர், பொம்பிளை பார்க்கப் போறவை கூட இவ்வளவு பாராயினம்.”

“பொம்பிளை கரண்டிலை ஓடாது தம்பி,” என்றேன்.

கடைசியில் அவரிடமே வாங்கினேன். தாள் இழுபடாமல் நின்றது அதில்தான். சட்டி, இடியப்பத் தட்டு இரண்டும் உள்ளே போயின. குறைகள் இருக்கவில்லை என்றில்லை. கீழே மரக்கறி போடுகிற இழுப்பறை தகர டப்பாவின் மூடி மாதிரி மெல்லிசு. கதவுத் தட்டில் பெரிய போத்தல் நிற்காது. உள் வெளிச்சம் மேல்தட்டில் எதையாவது வைத்தால் கீழே விழாது. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். விலைக்கு மோசமில்லை என்று கீழே கோடு போட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அடங்கவில்லை. பிரிட்ஜின் பக்கச் சுவரைத் தொட்டால் சுட்டது. உடனே கடைக்குக் கோல் எடுத்தேன், அது அப்படித்தான் சுடும் என்றார்கள். பிறகு சத்தம். ஓடும், நிற்கும், மறுபடி டக்கென்று ஓடும். நின்றால் ஏன் நின்றது என்று போய்ப் பார்ப்பேன், ஓடினால் ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது என்று போய்ப் பார்ப்பேன். ஒரு வெப்பமானி வாங்கிக் கீழே ஒவ்வொரு தட்டிலும் மாற்றி மாற்றி வைத்துக் குறித்தேன். கூடவந்த சின்னப் புத்தகத்தை இரண்டு தரம் முழுவதும் வாசித்தேன். காலில் சுடுதண்ணி ஊற்றினவள் மாதிரி நான் அந்தக் குசினிக்குள் ஓடித் திரிந்ததைப் பார்த்து மாமி, “பிரிட்ஜுக்குக் காய்ச்சலோ பிள்ளை?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து இன்சுலினைக் கொண்டுவந்து கீழ்ப்பகுதிக் கதவுத் தட்டில் வைத்தேன். மாமி காலையில் ஒரு ஊசி போடுவார். நான் ஆறு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவதால் தானே எடுத்துத் தானே குத்திக்கொள்வார். இரண்டு கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. சீனி பார்க்கிற மெசினில் இலக்கங்களும் அடக்கமாக இருந்தன.

புது பிரிட்ஜ் வந்த பிறகு முதல் தரமாக அந்தச் சனிக்கிழமை அண்ணை ஒரு விளைமீனும் கொஞ்சம் இறாலும் கொண்டுவந்தார். கழுவித் துண்டு போட்டு, கொஞ்சத்தைக் குழம்புக்கு அடுப்பில் ஏற்றி, மிச்சத்தை மூடியுள்ள டப்பாவில் அடைத்து, மேல் கதவைத் திறந்தேன். பின்னால் மாமி வந்து நின்றார்.

“மச்சம் மேலையோ வைக்கப் போறாய்?”

“ஓம் மாமி. மேலைதானே ஐஸ் பிடிக்கும்.”

“கரண்ட் போனால் ஐஸ் இளகி, மீன்தண்ணி கீழை வடியாதோ? கீழை சுவாமிக்கு வைக்கிற பால் எல்லோ கிடக்கு.”

வடியாது, நடுவில் அடைப்பு இருக்கிறது என்று விளங்கப்படுத்தினேன். கொப்பியையும் காட்டினேன். மாமி கொப்பியைப் பார்க்கவேயில்லை. அரைமணி நேரம் இழுபட்டது. மாமி கோபிக்கவில்லை, அதே கேள்வியைத்தான் மெதுவாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். கடைசியில் நான்தான் இறங்கிவந்தேன். மேல் கதவு சைவம். திருவிய தேங்காயும், சுவாமிக்குரிய பாலும், ஐஸ்கட்டியும் அங்கே. என்னுடைய மீன் கீழே இழுப்பறையில், இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். மேலே வைத்த பால் கட்டியாகிவிடும் என்றேன். “காய்ச்சேக்கை இளகும்தானே,” என்றார் மாமி. ஊருலகத்தில் ஒருவரும் பிரிட்ஜை இப்படித் தலைகீழாக வைத்திருக்கமாட்டார்கள். ஆனாலும் வீட்டில் சண்டை இல்லை என்று எனக்குப் பெரிய நிம்மதி.

மீன் டப்பா கீழே போனதும் மாமி கதவுத் தட்டைப் பார்த்தார்.

“அப்ப என்ரை மருந்து?”

“மருந்துக்கு என்ன மாமி?”

“அதுவும் உடம்புக்கை போறதுதானே பிள்ளை. மீனோடை கிடந்ததைக் குத்திப்போட்டு நான் என்னெண்டு விளக்கு வைக்கிறது?”

எனக்குக் களைத்துவிட்டது. கொப்பி திருத்த வேண்டியிருந்தது, மீன் குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. “சரி, மேலை வைக்கிறன்” என்று சொல்லி, இரண்டு போத்தலையும் எடுத்து மேல் கதவுக்குள் தேங்காய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கரண்ட் போகிற நாட்களில் கீழே வெப்பமானி ஏறுவது வேறு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மேலே இன்னும் நல்ல குளிர், மருந்துக்கு நல்லதுதான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பிரிட்ஜோடு வந்த புத்தகத்தை இரண்டு தரம் வாசித்த நான், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை ஒரு தரமும் விரித்துப் பார்க்கவில்லை. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பது எனக்கென்றே சொன்ன மாதிரி.

நாலைந்து நாளில் இலக்கங்கள் ஏறத் தொடங்கின. அடுத்த கிழமை முந்நூறைத் தாண்டியது. மாமி அடிக்கடி தண்ணீர் குடித்தார், அடிக்கடி எழும்பிப் போனார். நான் முதலில் மெசினைச் சந்தேகித்தேன், புதுப் பற்றறி போட்டேன். பிறகு அரிசியைச் சந்தேகித்தேன், குரக்கன் பிட்டுக்கு மாற்றினேன். கடைசியில் மாமியையே சந்தேகித்தேன். அலுமாரியில் பனங்கட்டி அடைத்த ஓலைக் குட்டான் ஒன்று இருந்தது. அதில் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் குறைந்திருப்பதாகத் தோன்றியது. தோன்றினால் எனக்குப் போதும்.

“மாமி, ஒளிச்சு ஒளிச்சுப் பனங்கட்டி தின்னுறியளோ?”

“இல்லைப் பிள்ளை.”

“அப்ப சீனி காத்திலையோ ஏறுது? காலை வெட்டினால் ஆர் தூக்கித் திரியிறது? நான்தானே?”

மாமி சுவாமி அறைப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்காமல் குட்டானைத் தூக்கிக்கொண்டு போய் என் அறையில் பூட்டினேன். அன்றிலிருந்து அவருடைய சோற்றை நானே அளந்து போட்டேன். பசிக்குது என்று ஒருநாள் சொன்னார். பசிக்கட்டும் என்றேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் சொன்னேன்தான்.

எந்தப் படியில் இடித்ததோ தெரியாது, விரல் எடுத்த அந்தக் காலிலேயே அடுத்த விரலில் சின்னப் புண் ஒன்று வந்தது. மூன்று நாளில் விரல் கறுத்து வந்தது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வழி முழுக்க மாமியின் கையை நான் பிடித்திருந்தேன், அப்போதும் பனங்கட்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு தாதி கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். எத்தனை அலகு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் குத்துவது. எல்லாவற்றுக்கும் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.

“மருந்தை எங்கை வைக்கிறனீங்கள்?”

“பிரிட்ஜிலை. புது பிரிட்ஜ்.”

“பிரிட்ஜிலை எங்கை?”

“மேலை. ஐஸ் பெட்டிக்கை.”

அவர் பேனையை வைத்தார். அதட்டவில்லை. “இன்சுலின் ஒருக்கால் உறைஞ்சால் பிறகு அது மருந்தில்லை அக்கா. இவ்வளவு நாளும் இவ தண்ணியைத்தான் குத்தியிருக்கிறா எண்டு வையுங்கோ,” என்றார். மாமியைத் திரும்பிப் பார்த்தேன். மாமி அந்த நேரம் அரை மயக்கத்தில் இருந்தார், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

காலைக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னொரு விரல் போனது. கணவர் கொழும்பிலிருந்து ஓடி வந்தார். அவரிடம் நடந்ததைச் சொன்னபோது, “அம்மாட்டை நீயே சொல்லு,” என்றார். இரண்டு நாள் நான் மாமிக்குக் கஞ்சி கொடுத்தேன், தலை வாரி இழுத்துவிட்டேன், கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். சொல்லத்தான் வாய் வரவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் மாமி சாய்ந்து இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சீனி போடாத தேத்தண்ணி. அப்போதுதான் சொன்னேன்.

“மாமி, சீனி ஏறினது உங்களாலை இல்லை. நான் மருந்தை ஐஸுக்கை வைச்சதாலைதான். அது கெட்டுப்போச்சு. நான் வீணா உங்களைப் பேசிப்போட்டன்.”

மாமி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். கால்மாட்டில் கட்டுப் போட்டிருந்த காலைப் பார்த்தார்.

“எனக்கும் அது ஒரு மாதிரித்தான் கிடந்தது பிள்ளை. விடிய எடுத்தால் கல்லு. சுவாமி அறையிலை இருந்து கைக்கை பொத்தி வைச்சு, அது இளகுமட்டும் தேவாரம் படிச்சுக்கொண்டு இருப்பன். கை விறைச்சுப் போகும். இளகினாப் பிறகு பார்த்தால் உள்ளுக்கை மாத் திரண்ட மாதிரி மிதக்கும். குலுக்கிப்போட்டுக் குத்துவன்.”

“ஏன் மாமி என்னட்டை ஒருக்கால் கேட்கேல்லை?”

“முதல்லை, நீ படிச்ச பிள்ளை, தெரிஞ்சுதான் வைச்சிருப்பாய் எண்டு நினைச்சன்.” கோப்பையை மறுபடி எடுத்தார். “பிறகு கேட்பம் எண்டு வந்தனான். அண்டைக்குத்தான் நீ பனங்கட்டிக் குட்டானைத் தூக்கிக்கொண்டு போனாய். அதுக்குப் பிறகு உன்னட்டை வாய் திறக்கப் பயமாக் கிடந்தது.”