எண்ணெய் வைக்காத தலை

பீளமேட்டைத் தாண்டி, விமானம் கூரையை உரசுகிற மாதிரி இறங்கும் பக்கத்தில் இருக்கிறது நான் வேலைக்குப் போகிற ஷெட். அங்கே படகு செய்கிறார்கள். மீன் பிடிக்கிற படகு இல்லை, வசதியானவர்கள் கடலில் பந்தயம் விடுகிற பாய்மரப் படகு. மரமும் கிடையாது, இரும்பும் கிடையாது. படகின் உருவத்திலேயே பெரிய தொட்டி மாதிரி ஒரு அச்சு இருக்கும். அதற்குள் கறுப்பாகப் பளபளக்கிற கார்பன் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே பிளாஸ்டிக் தாளை மூடி, உள்ளே இருக்கிற காற்றை மெஷின் வைத்து உறிஞ்சிவிட்டு, ரெசின் என்கிற பிசினை ஓடவிடுவார்கள். அது இறுகிவிட்டால் சுத்தியலால் தட்டினாலும் அசையாது, தூக்கினால் கனமே இருக்காது. முடிந்த படகை லாரியில் ஏற்றிக் கொச்சிக்குக் கொண்டுபோவார்கள். நான் கடலைப் பார்த்தது திருச்செந்தூரில் ஒரு தடவைதான்.

அஞ்சாவதோடு நின்றவளுக்கு அங்கே என்ன வேலை என்றால், துணி விரிக்கிற வேலை. முன்னே பனியன் கம்பெனியில் துணி அடுக்கிய கை. அதோடு என் உடம்பு சிறிசு. படகின் மூக்கு, அதாவது முன்பக்கம் கூம்பிப்போகிற இடம், அங்கே ஆண்பிள்ளைகள் நுழைய முடியாது. நான் பலகையில் குப்புறப் படுத்து உள்ளே போய், சுருக்கம் விழாமல் துணியைத் தடவிப் படியவைத்துவிட்டு, பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வருவேன்.

சேலை கட்டிக்கொண்டு இதைச் செய்ய முடியாது. கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் வெள்ளையாக ஒரே உடுப்பு கொடுத்தார்கள், கால் இரண்டும் தனித்தனி. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு பாத்ரூமை விட்டு வெளியே வர எனக்குக் கால் வரவில்லை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, பேரன் பேத்தி எடுத்து, அறுபதைத் தாண்டினவள், பேண்ட் போட்டுக்கொண்டு நிற்கிறேன். எங்களை மேற்பார்வை பார்க்கிற இஞ்சினியர் பெண் கதவுக்கு வெளியே நின்று, எல்லோரும் அதேதான் போட்டிருக்கிறோம், வாருங்கள் அம்மா என்று கெஞ்சிக் கூப்பிட்ட பிறகுதான் வந்தேன். அன்று சாயங்காலமே மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். நான் வேலைக்குப் போவது சொந்தபந்தம் யார் காதிலும் விழக்கூடாது. என்ன வேலை என்பார்கள், அப்புறம் என்ன உடுப்பு என்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே கையில் அடித்துக் கொடுத்தான்.

உடுப்பை விடப் பெரிய கஷ்டம் எண்ணெய். தலைக்கு எண்ணெய் ஆகாது, பவுடர் ஆகாது, கைக்குக் களிம்பு ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு விரலில் இருந்தாலும் போதும், அந்த இடத்தில் துணியும் பிசினும் ஒன்றையொன்று பிடிக்காது. இஞ்சினியர் பெண் ஒரு துண்டைக் காட்டினாள். அடுக்கு அடுக்காக இருந்ததை நகத்தால் நெம்பினாள், புண்ணின் பக்கு மாதிரி உரிந்து வந்தது. நடுக்கடலில் இப்படி உரிந்தால் உள்ளே இருக்கிறவங்க கதி என்னங்கம்மா என்று கேட்டாள். அதிலிருந்து சீயக்காய் போட்டு அலசி அலசி, என் தலை தென்னை நார் ஆகிவிட்டது. துணியின் தூசி குத்திக் குத்தி மணிக்கட்டெல்லாம் செவந்து தடித்திருக்கும்.

இந்தத் தலையோடும் கையோடும்தான் தாராபுரத்துக்கு என் அண்ணன் பேத்தி கல்யாணத்துக்கு மகனோடு போனேன். அதற்கு மட்டுமாவது எண்ணெய் வைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் மறுநாள் புதுப் படகுக்கு முதல் துணி விரிக்கிறோம். ஒருநாள் வைத்த எண்ணெய் ஒரு குளியலில் போகாது. முக்காடு மாதிரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மண்டபத்தில் தூணோரமாக உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் பக்கத்தில் எண்ணெய் காணாத தலை என்றால் ஒன்று வீட்டில் எழவு, இல்லை கேட்க நாதியில்லாத கிழவி. நான் அதை மறக்கவில்லை. யார் என்னைக் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அண்ணன் மனைவி கவனித்துவிட்டாள். நங்கை என்று நான் கூப்பிடுகிறவள், எனக்குத் தாய் மாதிரி. தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது என்னை உள் அறைக்குக் கூட்டிப்போனாள். முந்தானையை விலக்கிப் பார்த்தாள், கையைத் திருப்பிப் பார்த்தாள். கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்து, உள்ளங்கையில் ஊற்றி, என் தலைக்குக் கொண்டுவந்தாள். நான் சட்டென்று பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"வேண்டாமுங்க நங்கை."

நங்கை வைக்கிற எண்ணெயை வேண்டாம் என்றவர் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. அவள் கண் கலங்கிவிட்டது. எதற்கு என்று கேட்டாள். நான் முந்தானையை மறுபடி இழுத்து மூடிக்கொண்டேன். மகன் வீட்டில் என்னைக் கவனிப்பதில்லை என்று அவளாக முடிவு கட்டி, அண்ணனைக் கூப்பிட்டாள். அண்ணன் என் மகனைக் கூப்பிட்டார். பின்னாலேயே நாலு பெரியவர்களும் வந்து நின்றார்கள்.

அண்ணன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, என்ற தங்கச்சி தலைக்குத் தேங்காயெண்ணெ வாங்கறதுக்கு உங்க ஊட்டுல வக்கில்லீங்களா? சொன்னா நாங்க ஒரு டின் அனுப்பிப்போடறமுங்க."

மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கையைப் பார்த்தீர்களா, பாத்திரம் தேய்க்க விட்டிருக்கிறார்கள் போல என்றார் ஒருவர். சம்பாதிக்கிற மருமகள் வந்தால் மாமியார் கதி இதுதான் என்றார் இன்னொருவர். மருமகள் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்காமல் ஒருநாளும் கிளம்பியதில்லை. மகன் அதற்கும் வாயைத் திறக்கவில்லை. என் பக்கம் ஒரு தடவை பார்த்தான். கொடுத்த சத்தியத்துக்காகத்தான் நிற்கிறான் என்று எனக்குப் புரிந்தது. காது மடல் சிவந்துபோயிருந்தது.

நான் எழுந்தேன். அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில் நான் பேசினதே இல்லை.

"அவன் மேல தப்பில்லீங்கண்ணா. நான் வேலைக்குப் போறனுங்க. படகு செய்யற எடம். அங்க எண்ணெ ஆகாதுங்க."

வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு சித்தப்பா, "கோயமுத்தூர்லீங்களா? நம்ம அமராவதி ஆத்துல உடறதுக்குங்களா அம்மணி? முட்டிக்கால் தண்ணிதான் போகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நங்கை மட்டும் சிரிக்கவில்லை. பெத்தவள் பிள்ளையைக் காப்பாற்ற எதையாவது சொல்லத்தானே செய்வாள் என்று எண்ணெய் படாத கையால் என் தோளைத் தடவினாள். நான் பேசியதில் அவன் இன்னும் கெட்டவனாகிப் போனான்.

மகனுடைய போனில் ஒரு படம் இருந்தது. இஞ்சினியர் பெண் விளையாட்டாக எடுத்து அனுப்பியது. நான் படகு மூக்கிலிருந்து பின்பக்கமாக ஊர்ந்து வருகிறேன். வெள்ளைப் பேண்டில் என் பின்புறம்தான் முதலில் தெரியும், அப்புறம்தான் திரும்பிப் பார்க்கிற முகம். பார்த்த அன்றைக்கே அழித்துவிடு என்று சொன்னேன், அவன் அழிக்கவில்லை.

"அந்தப் படத்தக் காட்டு கண்ணு" என்றேன்.

"வேண்டாம்மா."

"காட்டு."

காட்டினான். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நங்கை பார்த்தாள். சித்தப்பா வாங்கிப் பார்த்தார். போன் கை மாறிக் கை மாறி வெளியே போய், மணமேடை வரைக்கும் போனது. இளசுகள் விரலால் பெரிதாக்கிப் பார்த்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. கேலி இல்லை, சந்தோஷச் சிரிப்புதான் என்று மகன் பிறகு சொன்னான். எனக்கு அப்போது எது எதென்று தெரியவில்லை. சேலை கட்டியிருந்தும் உடம்பில் துணியில்லாதவள் மாதிரி இருந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே மாப்பிள்ளை" என்றார் அண்ணன், குரல் இறங்கி.

"அம்மா வேண்டாம்னாங்க மாமா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேண்ட் போட்ட கூச்சத்தை விட அந்தப் பார்வை அதிகமாகக் குத்தியது. என் வெட்கத்தைக் காப்பாற்ற அவன் அவ்வளவு பேச்சையும் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறான். நங்கை உள்ளங்கை எண்ணெயை என்ன செய்வதென்று தெரியாமல் தன் தலையிலேயே தடவிக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பினோம். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. பல்லடம் வந்ததும், மண்டபத்தில் கொடுத்த லட்டைப் பிட்டுப் பெரிய பாதியை அவன் கையில் வைத்தேன். அவன் தின்றுவிட்டு, அந்தப் படத்தை அழித்துவிடட்டுமா என்று கேட்டான்.

"இருக்கட்டும்" என்றேன்.

அதைப் பார்க்க எனக்கு இன்னும் கூசத்தான் செய்கிறது. ஆனால் இனி எவராவது அவனை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டால், எடுத்துக் காட்ட அவன் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.