நெல்லளவு வளர்ந்த பவளம்

பிள்ளைகளே, உங்கள் தகப்பன் காஞ்சிபுரத்தில் பவளம் வளர்த்த கதையைப் போன பொங்கலுக்கும் ஒருமுறை கேட்டேன். சொன்னவன் உங்களில் கடைசியாகப் பிறந்தவன். கேட்டவர்கள் அவனுடைய ஆபீஸ் சிநேகிதர்கள். அவன் சொல்வதைப் பார்த்தால் நான் பெரிய விஞ்ஞானி, ஏதோ ஜாதகக் கோளாறினால்தான் பட்டுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கதை ஆரம்பித்ததும் மூத்தவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எப்போதும் அப்படித்தான் போகிறாள். ஏன் என்று உங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அதனால் நடந்ததை நானே எழுதிவைக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

எழுபதுகளின் ஆரம்பம். மூத்தவள் ஐந்தாம் வகுப்புக்குப் போகவிருந்த வருஷம். வைகாசி கருட சேவைக் கூட்டத்தில் ஒருவன் சங்கும் சோழியும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவற்றுக்கு நடுவில், இலை உதிர்ந்த குட்டி மரம் மாதிரி ஒரு சாண் உயரத்தில் வெள்ளையாக ஒன்று நின்றது. என்ன என்று கேட்டேன். பவளச் செடி என்றான். உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் வருஷத்துக்கு ஒரு விரற்கடை வளரும், மூன்றாவது வருஷம் சிவக்கும் என்றான். உயிர் இருக்கிறதா என்று நான் விவரமான ஆள் மாதிரி கேட்டேன்.

"உசுரு தூங்கிக்கினு இருக்குதுண்ணே. தண்ணி காட்டினா எழுந்துக்கும்" என்றான்.

ஊரில் எந்தக் கிணற்றுத் தண்ணீரில் முக்கினால் அரக்குச் சிவப்பு பளபளக்கும், எந்தக் கிணற்றில் முக்கினால் மங்கும் என்று கையை விட்டுப் பார்த்தே சொல்லுகிறவன் நான். அதற்காகவே பெரிய காஞ்சிபுரத்தில் நாலு தெருவிலிருந்து என்னைத் தேடி வருவார்கள். அப்பேர்ப்பட்ட புத்திசாலி, செத்துப்போன கடல் எலும்பு ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, துண்டில் சுற்றி, குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உங்களில் ஒருவரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. கூட்டிக்கொண்டு போக எனக்கு ஒழியவில்லை. கடலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் பஸ் ஏறுகிற வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

ஜரிகை வியாபாரி ஒருவர் வீட்டில் மீனெல்லாம் செத்துப்போன கண்ணாடித் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. கேட்டு வாங்கி, சாயப்பட்டறைக்குப் பக்கத்தில் வெயில் படுகிற இடத்தில் வைத்தேன். கல் உப்பைக் கொட்டிக் கலக்கினேன். எவ்வளவு உப்பு என்பதற்கு ஒரு சோதனை கண்டுபிடித்தேன்: முட்டை மிதக்க வேண்டும். கடலில் முட்டை மிதக்குமா மூழ்குமா என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாததுதான் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

பவளம் வளரவில்லை. ஆனி போயிற்று, ஆடி போயிற்று. உயிர் நன்றாகவே தூங்கியது. நான் காரணம் தேட ஆரம்பித்தேன். வெயில் அதிகமோ என்று கீற்று கட்டினேன். வெயில் போதவில்லையோ என்று கீற்றைப் பிரித்தேன். பசியாக இருக்கும் என்று ஒரு சிட்டிகை ரவை தூவினேன். மூன்றாம் நாள் தண்ணீர் பால் மாதிரி ஆகி நாறியது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி உப்பு, மறுபடி முட்டை. உங்கள் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இதுக்குக் கொட்டின உப்புல நாலு வருஷத்துக்கு மாங்கா ஊறுகா போட்டிருப்பேன்" என்றாள். அதற்குப் பிறகு உப்புக்கு என்னையே கடைக்கு அனுப்பினாள்.

எதிர்வீட்டுத் தறிக்காரர் தாமல் ஏரிக்கரையில் பிறந்தவர். கடலை அவரும் பார்த்ததில்லை. அதனால் கடலைப் பற்றித் தயங்காமல் பேசுவார். கடல் என்றால் அலை இருக்க வேண்டும், அலை இல்லாமல் எது வளரும் என்றார். அன்றிலிருந்து, சாயத்தில் பட்டு நூல் கழியைப் புரட்டுகிற கொம்பினால் காலையில் நூறு, சாயங்காலம் நூறு என்று உங்களையெல்லாம் முறை போட்டுத் தண்ணீரைக் கலக்க வைத்தேன். அலை போட்டாயிற்றா என்று நான் கேட்பதும் போட்டாயிற்று என்று நீங்கள் புளுகுவதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒழுங்காகப் போட்டவள் மூத்தவள் ஒருத்திதான். வாய்விட்டு எண்ணிப் போடுவாள்.

மூன்றாம் வருஷத்துக்குக் காத்திராமல், சிவக்கவும் இல்லையே என்று நான் குறைப்பட்டுக்கொண்டபோது அதே மனிதர், "நீ சாயக்காரன்தானேபா? ஒரு முக்கு முக்கி எடுத்துடு, செவந்துடும்" என்றார். தெரு முழுக்கச் சிரித்தது. அதற்கப்புறம் அது வளர்ந்தே ஆக வேண்டும் என்று எனக்கு ஆகிவிட்டது.

மாசியில் வெயில் ஏறியது. தொட்டியில் தண்ணீர் மளமளவென்று வற்றியது. வற்ற வற்ற நான் உப்புத் தண்ணீரையே ஊற்றினேன். கடலில் உப்புத்தானே இருக்கிறது, வேறென்ன ஊற்றுவது? பவளத்தின் நுனிகள் தண்ணீருக்கு மேலே தெரிந்துகொண்டிருந்தன. ஒருநாள் அளந்து பார்த்தேன். பட்டு நூல் நனைந்தால் நீளும் என்று ஜரிகை இழையில் அளப்பது என் வழக்கம். வாங்கின அன்றே அடியிலிருந்து உச்சிவரை பிடித்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். முடிச்சைத் தாண்டி ஒரு நெல் அளவு ஏறியிருந்தது. மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் நெல்தான்.

அடுத்த வாரம் தெருவே வந்து பார்த்தது. மாகறலிலிருந்து தறிக்குப் பாவு நூல் வாங்க வந்த ஒருவர்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் போனதை நான் இரண்டு நாள் ருசித்தேன். மூத்தவளின் பள்ளிக்கூடத்தில் பங்குனியில் பொருட்காட்சி. இவள் போய், எங்கள் வீட்டில் பவளம் வளர்கிறது என்று பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். டீச்சர் நம்பவில்லையாம். "எங்க அப்பா அளந்து பாத்தாருன்னு சொன்னேன், சேத்துக்கினாங்க" என்றாள்.

பொருட்காட்சிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, வளர்ந்த நுனியை நகத்தால் லேசாகத் தொட்டேன். பொடிந்து கையோடு வந்தது. விரலை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

யாரும் பார்க்கவில்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். கடலில் வளர்வது கரிக்காமல் இனிக்கவா செய்யும் என்று எனக்கு நானே ஒரு வழக்காடி, நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட இரண்டு கை உப்பு கூடப் போட்டேன். எதற்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள். எதற்கென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பொருட்காட்சியன்று தொட்டியைக் காலி செய்து ரிக்‌ஷாவில் ஏற்றினோம். பவளத்தை வாழைமட்டையில் வைத்து மூத்தவள் மடியில் வைத்துக்கொண்டாள். நான் சைக்கிளில் பின்னால் போனேன். ரிக்‌ஷா பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் நான் உப்புப் பொட்டலத்தை எடுத்தேன். ஒரு நாளைக்குத்தானே, பிள்ளைகள் கையை விடும், வெறும் தண்ணீர் போதும் என்று டீச்சர் தடுத்துவிட்டார். மூத்தவளும் இன்னொரு பெண்ணும் அடிபம்பில் அடித்துக் கொண்டுவந்து தொட்டி நிறைய ஊற்றினார்கள். பவளம் உச்சிவரை முழுகியது.

ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாக நடந்தது. அவள் ஜரிகை இழையைப் பிடித்து, முடிச்சையும் நுனியையும் காட்டி, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் குரல் இறங்கியது. நான் எட்டிப் பார்த்தேன். நுனி முடிச்சோடு நின்றது. அவள் மறுபடி அளந்தாள். இழையைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். டீச்சர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, வளர்ந்தது எங்கே போயிற்று என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"எங்க அப்பா அளந்தது, டீச்சர். தப்பா இருக்காது" என்றாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்க இதைவிட நல்ல நேரம் ஒரு மனிதனுக்குக் கிடைக்காது. நான் திறந்தேன்.

"வழியில ஒடைஞ்சிருக்கும், டீச்சர். ரிக்‌ஷா ரொம்பக் குலுக்கிடுச்சு" என்றேன்.

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். ரிக்‌ஷாக்காரர் மேல் பழி போட்டுவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டேன். பவளம் யார் மடியில் இருந்தது என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அவள் அழவில்லை. இழையைச் சுருட்டி டப்பாவில் போட்டுவிட்டு, வாழைமட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடைந்த துண்டைத் தேடினாள்.

தொட்டியைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்தும் அவள் சாப்பிடவில்லை. ரிக்‌ஷா நின்ற இடத்தில் போய்த் தேடிவிட்டு வரட்டுமா என்று உங்கள் அம்மாவைக் கேட்டிருக்கிறாள். உங்கள் அம்மா என்னிடம் வந்து சொன்னாள். சொல்லிவிட்டுப் போகவும் இல்லை, என் எதிரிலேயே நின்றாள்.

மூத்தவள் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய், "நீ ஒடைக்கலம்மா. ஒண்ணும் ஒடையல. அது உப்பு. வெறுந்தண்ணில கரைஞ்சுடுச்சு" என்றேன்.

"உனக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டாள்.

இங்கேயும் ஒரு பொய் நாக்கின் நுனிவரை வந்தது. வந்த பொய்யை விழுங்கிவிட்டு, "பதினஞ்சு நாளா" என்றேன்.

அவ்வளவுதான். திட்டவில்லை, முறைக்கவில்லை. எழுந்து போய்க் கைகால் கழுவிக்கொண்டு தட்டை எடுத்துப் போட்டுச் சாப்பிட்டாள். தான் உடைக்கவில்லை என்று தெரிந்ததும் பசி வந்துவிட்டது அவளுக்கு. இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டபோது, என்னைப் பார்க்காமல், "தொட்டிய நான் எடுத்துக்கினு வரமாட்டேன்" என்றாள். அதற்கப்புறம் நான் எதை அளந்து எவ்வளவு என்று சொன்னாலும், சரி என்று கேட்டுக்கொண்டு தானும் ஒரு தடவை அளந்து பார்ப்பாள். இன்றைக்கும் அப்படித்தான். இவளுக்கு அப்பா மேல் நம்பிக்கை இல்லை என்று நீங்கள் சிரிப்பீர்கள். காரணம் இதுதான். ஆபீஸ் சிநேகிதர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மறுநாள் தொட்டியை எடுத்துவர நான் மட்டும் போனேன். பள்ளிக்கூடம் விட்டிருந்தது. ஐந்தாம் வகுப்பில் யாரும் இல்லை. மேஜைகள் வரிசையாக அப்படியே கிடந்தன. தொட்டிக்கு முன்னால் மூத்தவள் தன் கையால் எழுதிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. 'வளரும் பவளம்' என்று பெரிதாக எழுதி, அதற்குக் கீழே 'வளர்த்தவர்' என்று போட்டு, தன் பெயரும் வகுப்பும் எழுதியிருந்தாள். 'வளரும்' என்பதை யாரோ மையால் அடித்திருந்தார்கள். அவள் பெயரை அடிக்கவில்லை.

தண்ணீரை வாளியில் மொண்டு வெளியே கொட்டினேன். பவளத்தைத் துண்டில் சுற்றினேன். பிறகு டீச்சர் மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்து, அவள் பெயருக்குக் கீழே, 'உப்புப் போட்டவர்: அப்பா' என்று எழுதினேன். பென்சில் முனை மழுங்கியிருந்ததால் சரியாகத் தெரியவில்லை. அழுத்தி இன்னொரு தடவை எழுதி, சீட்டைக் கிழியாமல் பிரித்தெடுத்து, டீச்சர் கண்ணில் படுகிற மாதிரி அவருடைய வருகைப் பதிவேட்டின் மேல் வைத்துவிட்டு, தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.