கழற்றி வைத்த பற்சக்கரம்

எங்கள் வீட்டு நிலவறையில், பழைய சூட்கேஸ்களுக்குப் பின்னால், எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு பற்சக்கரம் கிடந்தது. சாப்பாட்டுத் தட்டளவு அகலமான இரும்பு வளையம். மூன்று வீடு மாறினோம். கல்யாணத்துக்கு அம்மா தந்துவிட்ட வெண்கலக் குத்துவிளக்குக்கூட ஒரு மாற்றத்தில் தொலைந்துபோனது. இந்தச் சக்கரம் தொலையவில்லை. என் கணவர் அதைத் தொலைய விடவில்லை. போன மாதம் அவர் காலமான பிறகு நிலவறையைத் துப்புரவாக்கப் போன மகன் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். "அம்மா, இது அப்பாவின்ர அந்தக் காரின்ரதோ?" என்று கேட்டான். ஓம் என்றேன். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

அந்தக் காரை எழுபதுகளின் தொடக்கத்தில், தன் நாட்டுக்குத் திரும்பவிருந்த ஓர் அமெரிக்கச் சிப்பாயிடம் அவர் வாங்கினார். ஸ்டுட்கார்ட்டில் ஒரு தொழிற்சாலையில் படவரைஞராக அவருக்கு நல்ல வேலை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. கடைக்குப் போய்வரக்கூடிய அளவுக்குத்தான் ஜெர்மன் தெரியும். கார் சிவப்பு நிறம், நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர். எங்கள் ஒடுங்கிய தெருவில் அது நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் தங்கள் காரைத் திருப்ப இடமில்லாமல் முணுமுணுப்பார்கள். "இஞ்சேரும், இது கார் இல்லை, குதிரை" என்பார் இவர். குதிரைக்குக் கொடுத்த கவனிப்பில் கால்வாசி எனக்குக் கிடைத்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

குதிரை இருந்தபடி இருந்திருந்தாலும் குறை இல்லை. அது நெடுஞ்சாலையில் சத்தமில்லாமல், சாவதானமாக ஓடிய கார். ஆனால் சிவப்பு விளக்கில் பக்கத்தில் ஒரு விளையாட்டுக் கார் வந்து நின்றால், பச்சை விழுந்ததும் அது முந்திவிடும். அது இவருக்குப் பொறுக்கவில்லை. பின் அச்சின் நடுவிலுள்ள பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரங்களை மாற்றினால் கார் நின்ற இடத்திலிருந்து பாயும் என்று யாரோ ஓர் அமெரிக்கன் சொல்லிக்கொடுத்திருந்தான். பாய்ச்சல் கூடும்; ஆனால் அதே வேகத்துக்கு இயந்திரம் முன்பைவிட எவ்வளவோ அதிகம் சுற்றவேண்டி வரும். தானாகக் கியர் மாறும் பெட்டியையும் இவர் விடவில்லை. அதற்கும் இயந்திரத்துக்கும் நடுவில் எண்ணெய் நிரம்பிய உருளை ஒன்று இருக்கும். அதைக் கழற்றி, இயந்திரத்தை நன்றாக உறுமவிட்டுப் பிறகு பிடிக்கும் வேறொன்றைப் போட்டார். அது எண்ணெயைச் சூடாக்கும், ஆற்றுவதற்குத் தனியாக ஒரு சின்ன ரேடியேட்டர் வேண்டும். அது பிறகு வரும் என்றார்.

வீட்டுக்காரரின் கொட்டகையில் சனிக்கிழமைதோறும் வேலை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட்டால் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். உதவிக்கு மதுரைப் பக்கத்து மாணவர் ஒருவர் வருவார், பொறியியல் படிக்க வந்தவர். என் தோசைக்காகத்தான் வந்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் ஒரு நாள் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "சார், பின்னாடி பல்லு மாத்துனா ஸ்பீடோமீட்டருக்குப் போற சின்னப் பல்லையும் மாத்தணும்ல? இல்லன்னா வேகம் இல்லாமலே முள்ளு சும்மா ஏறி நிக்கும்." இவர் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "அதைப் பிறகு பாப்பம். முள்ளைப் பாத்தே கார் ஓடுறது?" என்றார். கழற்றிய பழைய சக்கரத்தை மட்டும் துடைத்து, எண்ணெய்த் தாளில் சுற்றிப் பத்திரமாக வைத்தார்.

வேலை முடிந்து கொஞ்ச நாளில் என் தமையனிடமிருந்து தந்தி வந்தது. அம்மாவுக்கு நோய் கடுமை, உடனே வரவும். அலுவலகத்தில் ஆளைப் பிடித்து விமானச் சீட்டு ஒழுங்கு செய்தவரும் இவர்தான். அதை நான் மறைக்கவில்லை. மறுநாள் மாலை ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து விமானம். "ரயிலில போவமப்பா, நேர ரயில் இருக்கு" என்றேன். "என்ர பெண்சாதியை ரயிலில அனுப்பிப்போட்டு இந்தக் காரை என்னத்துக்கு வைச்சிருக்கிறன்?" என்றார். காலையில் எதையோ முடுக்கவேண்டும் என்று கொட்டகைக்குப் போனவர் மத்தியானம்தான் வந்தார். நூறு மைல் வேகத்தில் போனால் நேரம் தாராளமாக இருக்கிறது என்றார். அந்த நூறு மைலை அவர் படித்தது, சின்னப் பல்லை மாற்றாமல் விட்ட அந்த முள்ளைப் பார்த்துத்தான்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் இயந்திரம் அலறத் தொடங்கியது. காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. முள் நூறைத் தொட்டு நின்றது. "பாரும், பறக்கிறம்" என்றார். அப்போதுதான் ஒரு வண்டு எங்களை முந்தியது. முதுகு வளைந்த சின்னக் காரை ஜெர்மன்காரர் செல்லமாக அப்படித்தான் சொல்வார்கள். ஓட்டியவர் ஒரு கிழவர். பக்கத்தில் கட்டம் போட்ட தலைத்துணியுடன் அவர் மனைவி. அதன்பின் ஒரு லொறியும் முந்தியது. இவர் முள்ளையும் லொறியையும் மாறிமாறிப் பார்த்தார். மிதிக்க இடமிருந்தது, மிதித்தால் இயந்திரம் வெடித்துவிடும் போல இருந்தது. ஃபோர்ஸ்ஹைம் பக்கத்து ஏற்றத்தில் எண்ணெய் கருகும் மணம் வந்தது, பிறகு புகை. தரிப்பிடம் ஒன்றில் ஒதுக்கினார்.

அந்த வண்டும் அங்கேதான் நின்றது. கிழவரும் மனைவியும் பிளாஸ்கிலிருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கிழவர் புகையைப் பார்த்து வந்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். பிறகு என்னைக் காட்டி, நாங்கள் ஃபிராங்ஃபர்ட்டைத் தாண்டித்தான் போகிறோம், உங்கள் மனைவி எங்களோடு வரட்டும் என்றார். அவ்வளவு ஜெர்மன் எனக்குத் தெரிந்திருந்தது. நான் போய்ப் பெட்டியை இறக்கினேன். இவர் அதை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப உள்ளே வைத்து, பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் போட்டார். "இஞ்சேரும், ஆக்களுக்கு முன்னால என்ர மானத்தை வாங்காதையும். இப்ப ஆறிடும்." கிழவருக்கு நன்றி சொல்லி அனுப்பினார். அந்தக் கிழவி கார் திரும்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

ஆறத்தான் செய்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விமானம் போய்விட்டது, அடுத்தது அடுத்த கிழமைதான். அம்மா அதற்குள் போய்விட்டா. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குத்தான் நான் வீட்டுக்குப் போனேன். வாசல் படலையடியில் கார்ச் சத்தம் கேட்டபோதெல்லாம் அம்மா "பிள்ளையோ?" என்று கேட்டாவாம். நான் போடவேண்டிய வாய்க்கரிசியை மச்சாள் போட்டாளாம். தமையன் இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். அதுதான் இன்னும் சுட்டது.

பெற்றோல் தட்டுப்பாட்டில் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டக்கூடாது என்று அரசாங்கம் தடுத்த குளிர்காலத்தில் இவர் காரை விற்றார். பழைய சக்கரத்தைக் கொடுக்கவில்லை. நல்ல சாமான் என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கேட்டது பகிடியைத்தான். விருந்தாட்கள் வந்தால், "ஒருக்கா ஃபிராங்ஃபர்ட் போகேக்க, நூறு மைலில பறக்கிறம் எண்டு நான் நினைக்கிறன், ஒரு வண்டு எங்களை முந்திக்கொண்டு போகுது!" என்பார். சபை குலுங்கும். எதற்காகப் போனோம் என்று அவர் சொன்னதில்லை, ஒருவரும் கேட்டதுமில்லை. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பேன். செத்த வீட்டில் மகனும் அதே கதையைச் சொன்னான். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

மகன் சக்கரத்தை நன்றாகத் துடைத்து, வரவேற்பறையில் தகப்பனின் படத்துக்குக் கீழே வைத்தான். அவனுக்கு அது அப்பாவின் நினைவு. அவன் கை கழுவப் போன நேரம் நான் அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சாமி அறையில் என் அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தேன். திரும்பி வந்தவன் தேடினான்.

"ஏனம்மா அங்க வைச்சிருக்கிறியள்? அம்மம்மாக்கும் அதுக்கும் என்ன?"

"இதைக் கழட்டாமல் விட்டிருந்தா, தம்பி, நான் அண்டைக்கு அம்மம்மாட்டைப் போய்ச் சேர்ந்திருப்பன்" என்றேன்.

அவன் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். "எண்டைக்கு?" என்று கேட்டான்.